டிக்கட் போனில் இருந்தும் மெஷின் எடுக்கவில்லையா?

அம்மாவோடு ரயிலில் கொழும்புக்குக் கிளம்பினேன். போனில் டிக்கட்டின் கியூஆர் கோட் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் டிக்கட்டை ஸ்கேன் பண்ணும் மெஷின் எடுக்கவே இல்லை. அம்மா பதறிப்போனார்.

காரணம், திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோட். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக் கிடந்தன. சில மெஷின்கள் இப்படித் தலைகீழானதை வாசிக்காது. டார்க் மோடை நிறுத்தி, வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, திரையில் படிந்த பனி ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் காட்டினேன். உடனே ‘பீப்’!

பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை இருக்கவேண்டும், கோடைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்துப் பிடிக்க மெஷினுக்கு அது உதவுகிறது.

ஹட்டன் பக்கத்துச் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் சிக்னலை நம்பமுடியாது. வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.