வளைகிற காலை நிமிர்த்தி வைத்தால்: சின்ன ட்ரைபொட்டில் நாம் விடும் பிழைகள்

ஆவணி மாதத்து ஒரு பின்னேரம். திருகோணமலை டச்பே கடற்கரை மதிலில் வளைகிற ட்ரைபொட்டை வைத்து, மூன்று காலையும் அழகாக விரித்து, மேலே என் சின்னக் கமராவை ஏற்றினேன். கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பத்து விநாடி டைமரை அமத்திவிட்டு ஓடிப்போய் மணலில் நின்ற குடும்பத்தோடு சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு முடியமுதல் கமரா மணலில் முகங்குப்புறக் கிடந்தது. லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது விழுந்ததால், அதற்குப் பிறகு அது உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. திருத்துவதற்குக் கேட்ட காசுக்கு பாவித்த கமரா ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

அமைதியான கடலைப் பார்த்து ஏமாந்துபோனேன். வைகாசிக்குப் பிறகு நம் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அடிக்கும். அலை இருக்காது, காற்று இருக்கும். கடலைப் பார்த்து நிற்கிற கமராவுக்கு அது பிடரியில் விழுகிற அடி.

ஆனாலும் பழியைக் காற்றின் தலையில் போட முடியாது. பெரிய ட்ரைபொட் தன் பாரத்தாலும் அகலக் காலாலும் நிற்கும். இதுவோ ஒரு தேசிக்காய் நிறையில் இருந்துகொண்டு, தன்னைப்போல் நாலைந்து மடங்கு பாரத்தைத் தலையில் சுமக்கிறது. இதை நிற்க வைக்கிற சாமானாக நினைப்பதுதான் முதல் பிழை. இது பிடித்துக்கொள்கிற சாமான். கம்பி, கிளை, கதிரைக் கை, படகின் விளிம்பு என்று எதையாவது பற்றக் கொடுத்தால் பெரிய ட்ரைபொட் போக முடியாத இடத்திலும் வேலை செய்யும்.

பிடிக்க வைப்பதிலும் பிழை விடுகிறோம். கோணேசர் கோயிலடியில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்க்கிற கம்பித் தடுப்புகளில் இதைக் கட்டுகிறவர்களைக் கவனித்தால் தெரியும்: மூன்று காலையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிடுவார்கள். கமராவின் பாரம் அந்தச் சுற்றை அவிழ்க்கிற பக்கமாகவே இழுக்கும். இரண்டு காலை எதிரெதிர்த் திசையில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றுங்கள். மூன்றாவதைச் சுற்றாமல் கம்பியில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். கூரைக்கு முண்டு கொடுக்கிற மாதிரித்தான். பெயின்ட் அடித்த வழுவழுப்பான கம்பி உப்புக்காற்றில் கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும், காலின் றப்பர் வளையங்கள் மெல்ல வழுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் துண்டு வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். முதலில் அதைக் கம்பியில் சுற்றி, அதன்மேல் காலைச் சுற்றினால் நகராது.

அந்த இடத்தில் இன்னொன்றும் உண்டு. காலைச் சுற்றுவதற்கு முன்பே கமராவின் வாரைக் கம்பியில் கொளுவிவிட வேண்டும். பெரும்பாலானோர் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதேயில்லை. வெட்டுக்குக் கீழே பாறையும் கடலும்தான். அங்கே விழுந்ததைத் திரும்ப எடுக்கிற எண்ணமே வேண்டாம்.

பற்றுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை, நிறுத்தத்தான் வேண்டும். அப்போது ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே முன்னோக்கி இருக்க வேண்டும். சூம் நீளும்போது பாரம் முன்னுக்குச் சாயும், அந்தக் கால் அதைத் தாங்கும். டச்பேயில் என் கமராவுக்கு முன்னால் இரண்டு கால்களுக்கிடையே இருந்த வெளிதான் இருந்தது. உயரத்துக்கு ஆசைப்படவும் வேண்டாம். கால்களை நண்டு மாதிரி அகட்டி, தாழ்த்தி வையுங்கள். நிலாவெளி மணலில் அலை தொடுகிற இடத்தில் வைத்தால், திரும்பிப் போகிற தண்ணீர் காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். வெளிச்சத்தை உள்ளே விடுகிற ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்து எடுக்கிற படத்தைக் கெடுக்க அந்த அசைவே போதும். காய்ந்த மணலுக்கு ஏறி, கழற்றிய செருப்பைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் நிறுத்தினால் கால் புதையாது.

பிடித்திருக்கிற பொருள் ஆடினால் கமராவும் ஆடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எல்லோரும் மறக்கிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற ஓட்டோவின் கண்ணாடிக் கம்பியில் கட்டுவது வீண் வேலை. புறாமலைக்குப் போகிற படகில் கட்டினால் வீடியோவுக்கு உதவும், மாலை வெளிச்சத்தில் மெதுவான ஷட்டருக்கு உதவாது, ஏனென்றால் படகே அசைகிறது. அந்தியில் கிண்ணியாப் பாலத்தில் படமெடுக்கிறவர்கள் அதன் கைப்பிடியில் கட்டுவார்கள். பஸ் ஒன்று போனால் பாலத்தின் அதிர்வு கைப்பிடிக்கும் வரும். பஸ் கடந்து, அதிர்வு அடங்கின பிறகு அமத்துங்கள்.

அமத்துகிற விரலும் கமராவை ஆட்டுகிறது. இரண்டு விநாடி டைமர் இருப்பது இதற்காகத்தான். பத்து விநாடியை நாம் படத்துக்குள் ஓடிப்போகிற வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த ட்ரைபொட்டில் இரண்டு விநாடியும் சிலவேளை போதாது. கையை எடுத்ததும் திரையைக் கொஞ்சநேரம் உற்றுப் பாருங்கள். நடுவில் வைத்த அடிவானக் கோடு மயிரிழை மயிரிழையாக மேலே ஏறும். கமரா தலை குனிகிறது என்று அர்த்தம். ஐந்தாறு விநாடியில் நின்றுவிடும். நின்ற பிறகு திருத்தி, மறுபடி கையை எடுத்துப் பார்த்துவிட்டு டைமரை அமத்துங்கள். முதலிலேயே கொஞ்சம் மேலே பார்க்க வைப்பதும் ஒரு வழி.

கமராவுக்குள்ளே மூன்று விஷயம். தன்னியக்க பிளாஷை நிறுத்துங்கள். கோயில் வாசலில் இருக்கிற பெரிய சிவன் சிலைக்கு அந்தச் சின்ன வெளிச்சம் எட்டாது, முன்னால் பறக்கிற பூச்சிதான் வெளிச்சமாகும். ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, தன்னியக்கத்தில் விட்டால் இருட்டைக் கண்டதும் கமரா அதை உயர்த்திப் படத்தை மணல் கொட்டினது போலாக்கிவிடும். 100இல் வைத்து ஷட்டர் வேண்டிய நேரம் திறந்திருக்க விடுங்கள், ட்ரைபொட் கொண்டுவந்ததே அதற்காகத்தானே. கைநடுக்கத்தைச் சரிசெய்கிற வசதியையும் நீண்ட ஷட்டருக்கு நிறுத்திப் பாருங்கள். கமரா அசையாமல் இருக்கும்போது சில கமராக்களில் அதுவே இல்லாத நடுக்கத்தைத் தேடி லென்ஸை ஆட்டும்.

போயா நிலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புவெளியில் முழுநிலா கடலிலிருந்து நேராக எழும். இருட்டுத்தானே, ட்ரைபொட் இருக்கிறதே என்று பத்து விநாடி திறந்துவைத்தால் நிலாவுக்குப் பதில் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் கிடைக்கும். நிலா வெயிலில் கிடக்கிற கல். ஓரளவு மேலே ஏறியதும் ஐஎஸ்ஓ 100இல் 1/125 விநாடியிலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அது நிற்கிறதும் இல்லை, தன் அகலத்தை ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். முழு சூமில் இந்த அசைவும் பெரிதாகும், காற்றின் அசைவும் பெரிதாகும்.

வாங்கும்போது எவ்வளவு நிறை தாங்கும் என்று பாருங்கள். இந்த வகை வளைகிற ட்ரைபொட்டான கொரில்லாபொட்டில் 325 என்றால் 325 கிராம், 1கே என்றால் ஒரு கிலோ. திருகாணி எல்லாச் சின்னக் கமராவுக்கும் பொதுவான கால் அங்குலம்தான். கோணலாகத் தொடங்கி வலிந்து முறுக்கினால் கமராவின் அடிப்பக்கப் புரி போய்விடும்.

நம் ஊருக்கென்று ஒரு பிழையும் உண்டு: கட்டிவிட்டுத் தள்ளிப்போவது. கடற்படைத் தளமும், இராணுவம் இருக்கிற பிரெட்ரிக் கோட்டையும் உள்ள இடம் இது. கம்பத்தில் யாரோ கட்டிவிட்டுப் போன சாமானைக் கண்டால் கேள்வி வரும், வரத்தான் செய்யும். முகாம் வேலியில் கட்டவே வேண்டாம். கோட்டைக்குள் திரிகிற மான்களும் மனிதருக்குப் பழகினவை. தாழ்வாக வைத்ததில் மூக்கை நுழைக்கும்.

கடைசியாக மூட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, இறுக்கமான உராய்வுதான் அதன் பிடி முழுவதும். கடற்கரையிலிருந்து வந்ததும் கமராவைக் கழற்றிவிட்டு, கால்களை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு மூட்டாகத் திருப்பி மணலை வெளியேற்றி, நிழலில் உலர விடுங்கள். மணல் உள்ளே இருந்தால் உருண்டையைத் தேய்த்துத் தேய்த்துத் தளர வைக்கும். என் மச்சான் ஒருமுறை அலசாமல் தேங்காய் எண்ணெய் விட்டான். "கிறீச் எண்டு சத்தம் கேட்டது, அதுதான் ரெண்டு சொட்டு விட்டனான்" என்றான். சத்தம் போய்விட்டது, பிடியும் போய்விட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பழைய இறுக்கம் வரவில்லை. இப்போது அது அவன் வீட்டுக் குசினியில், கரண்ட் போகிற இரவுகளில் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாமி கறியைக் கிளறி முடிப்பதற்குள் அதுவும் தலையைக் குனிந்துவிடும்.