கோயில் திருவிழாவுக்கு வாக்கி-டாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தீமிதி, தேர் ஊர்வலம் என்றால் இப்போதெல்லாம் தொண்டர்கள் இடுப்பில் வாக்கி-டாக்கி தொங்குகிறது. செம்பனைத் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) ஒன்று, பள்ளிக்கூடக் காவலாளியிடம் ஒன்று. ஷாப்பி இணையக் கடையில் தட்டினால் மலிவாக வீடு வந்து சேருகிறது. பெட்டியைப் பிரித்ததும் விவரம் தெரிந்த தம்பி ஒருவர் ஏதோ ஓர் எண்ணை அடித்து, “இதுல பேசுங்கண்ணே, இங்க யாருமே இல்ல” என்பார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

கருவி எந்த அலைவரிசைக்கெல்லாம் போகிறதோ, அங்கெல்லாம் நாமும் பேசலாம் என்று நினைப்பது பரவலான தவறு. ஊரில் அதிகம் புழங்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் அனுப்பக்கூடியது. கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கான 156.8, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் 144–148, நிறுவனங்கள் கட்டணம் கட்டி எடுத்த சேனல்கள் எல்லாம் இதற்குள்தான் கிடக்கின்றன. யாருக்கு எது என்ற பட்டியலை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்திருக்கிறது. 1906இல் பெர்லினில் போட்ட உடன்பாட்டிலிருந்து வளர்ந்த பட்டியல் அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகள் கூடித் திருத்துகின்றன. 2023 கடைசியில் துபாயில் கூடினார்கள். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி எம்.சி.எம்.சி. எனும் தொடர்பு, பல்லூடக ஆணையம் அலைக்கற்றையைப் பிரித்துத் தருகிறது. ஒதுக்கீடு இல்லாமல் அனுப்புவது குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் இடமுண்டு.

“யாருமே இல்ல” என்ற பேச்சுக்கு வருவோம். என் கணக்கில் இதுதான் மிக ஆபத்தான தவறு. தம்பி அமைதியாக இருக்கிறதென்று 406.050-ஐத் தேர்ந்தெடுத்தார் என்று வையுங்கள். 406.0 முதல் 406.1 வரையிலான அந்தச் சின்னத் துண்டு, மூழ்கும் கப்பலும் விழுந்த விமானமும் உதவி கேட்பதற்கென்றே உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் ஆபத்துக் கருவி அங்கே ஓயாமல் கத்திக்கொண்டிருக்காது. சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை அரை விநாடி மட்டும் தன் அடையாள எண்ணை அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அதைக் கேட்பது கோஸ்பாஸ்-சார்சாட் எனும் அனைத்துலகத் தேடல்-மீட்புத் திட்டத்தின் கருவிகளைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள். அவை அந்த அலைவரிசையில் காதை மட்டும் திறந்து வைத்திருக்கின்றன. திருப்பி நம்மிடம் எதுவும் பேசுவதில்லை. ஆகவே நம் ஸ்பீக்கரில் நாள் முழுக்க நிசப்தம்தான்.

“நம்ம வாக்கி தோட்டத்து எல்லைகூடத் தாண்டாது, அதுவா விண்வெளிக்குப் போகப் போகுது?” என்று கேட்பவர்கள் உண்டு. போகும். பக்கவாட்டில் மலையும் செம்பனையும் தடுக்கும். தலைக்கு மேலே என்ன தடுப்பு இருக்கிறது? ஆபத்துக் கருவியின் சக்தியே ஏறக்குறைய 5 வாட்தான், நம் கைக்கருவியின் சக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த 5 வாட்டை 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் பிடிக்கின்றன. ஆகவே, “அன்னதானக் கூடத்துக்குத் தண்ணி அனுப்புங்க” என்று நாம் பேசும் நேரத்தில், கடலில் தத்தளிக்கும் ஒருவரின் அரை விநாடி அடிபட்டுப் போகலாம்.

டோன் கோடு போட்டுவிட்டால் தனி அலைவரிசை கிடைத்துவிட்டதாக நம்புவது இன்னொன்று. கோடு என்பது நம் குரலோடு சேர்ந்து போகும் ஒரு மெல்லிய ஓசை. அந்த ஓசை இல்லாத பேச்சை நம் ஸ்பீக்கர் வெளிவிடாது, அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு சந்தையில் நிற்பது போன்ற தனிமை அது: நாம் கத்துவது எல்லாருக்கும் கேட்கும். உண்டியல் பணம் எத்தனை மணிக்கு எந்த வண்டியில் போகிறது என்பதையெல்லாம் இதில் பேசாதீர்கள்.

ராணுவத்துக்கு என்று சுவர் எழுப்பிய தனி அறை இருக்கும், நாம் அதில் நுழைய வாய்ப்பே இல்லை என்பதும் தப்புக் கணக்கு. ஒரே துண்டைப் பலர் பகிர்ந்துகொள்வது சாதாரணம்; யார் மூத்தவர், யார் இளையவர் என்பது பட்டியலிலேயே எழுதியிருக்கும். நம் வட்டாரத்தில் 430–440 மெகாஹெர்ட்ஸில் ரேடார் மூத்தவர், அமெச்சூர் வானொலி இளையவர். தேர்வு எழுதி 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கிய அன்பரே ஆனாலும் ரேடாருக்கு வழிவிட வேண்டும். ரேடாரால் தமக்கு இடைஞ்சல் என்று அவர் புகார் செய்யவும் முடியாது. அப்படியிருக்க, எந்த அனுமதியும் இல்லாத கோயில் கமிட்டி அங்கே என்ன சொல்லி நிற்கும்?

“ஆபத்து அவசரத்துக்கு பொம்பாவைக் கூப்பிடலாமே” என்று வாங்குகிறவர்களும் உண்டு. பொம்பாவும் (தீயணைப்புத் துறை) போலீசும் புழங்குவது ஜி.ஐ.ஆர்.என். எனும் அரசு வானொலி வலையமைப்பு; அது டெட்ரா என்ற டிஜிட்டல் முறையில் இயங்குகிறது. நம் சாதாரண எஃப்.எம். கருவி அதோடு பேசவே பேசாது. தீமிதியில் யாருக்காவது ஒன்று என்றால் கைப்பேசியில் 999. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறொன்றின் கோபுரம் எட்டினால் அவசர அழைப்பு போகும். உயிராபத்தில் சிக்கியவர் கையில் இருக்கும் எந்த அலைவரிசையிலும் உதவி கேட்கலாம் என்று அனைத்துலக விதி இடம் தருகிறது என்பது உண்மை. தேர் எங்கே நிற்கிறது என்று விசாரிப்பது அந்தக் கணக்கில் சேராது.

  

அப்படியானால் எதை வாங்குவது? தனி உரிமம் கேட்காத 477 மெகாஹெர்ட்ஸ் பிரிவில் 477.525 முதல் 477.9875 வரை 38 சேனல்கள் இருக்கின்றன. அதற்கென்றே செய்த, சான்று முத்திரை ஒட்டிய கருவியாகக் கேட்டு வாங்குங்கள். தேருக்கு ஒரு சேனல், வாகன நிறுத்தத்துக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று போதும். பக்கத்துக் கோயிலும் அதே வாரம் விழா எடுத்தால் முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய தோட்டம், தூரம் எட்டவில்லை என்றால் நிர்வாகம் ஆணையத்திடம் விண்ணப்பித்துத் தனிச் சேனல் எடுக்கலாம். ஏற்கெனவே வாங்கிய கருவியில் தம்பி அடித்துவைத்த எண்களை இந்த வாரமே அழித்துவிடுங்கள், 406-இல் தொடங்குவதை முதலில்.