திறந்த மூல மென்பொருளைப் பொதியாக்கும்போது வணிகச்சின்னங்களைக் கையாளும் முறை

திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பொதியாக்கி, அதாவது பிறர் எளிதில் நிறுவும்படி கட்டி, வெளியிட முனைபவர் முதலில் புரட்டுவது அதன் உரிமத்தைத்தான். நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று அதில் படித்ததும், நிரலோடு பெயரும் இலச்சினையும் கைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த உரிமம் பெரும்பாலும் பதிப்புரிமையோடு நின்றுவிடுகிறது; பெயர், வணிகச்சின்னச் சட்டத்தின் கீழ் வருகிறது. திறந்த மூல உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி உரிமம் 2.0-இன் 6ஆம் பிரிவு, மென்பொருளின் பிறப்பிடத்தை வழக்கமான முறையில் குறிப்பிடுவதற்கும் அதனுடன் வரும் ‘நோட்டீஸ்’ என்ற அறிவிப்புக் கோப்பை அப்படியே தருவதற்கும் தவிர, சின்னங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மற்றோர் உரிமமான ஜிபிஎல் பதிப்பு 3-இன் 7ஆம் பிரிவு, அத்தகைய மறுப்பைச் சேர்த்துக்கொள்ள நிரலாசிரியருக்கு இடமளிக்கிறது. எம்ஐடி உரிமம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே உரிமத்தைப் படித்த கையோடு, அந்தத் திட்டம் தனியாக வணிகச்சின்னக் கொள்கை எதையும் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே திட்டத்துக்குள்ளும் விதிகள் மாறலாம். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்கும் டெபியன் திட்டம் இரண்டு இலச்சினைகளை வைத்திருக்கிறது: ஒன்றை யாரும் பயன்படுத்தலாம், மற்றொன்று கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது.

அடுத்து நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, உங்கள் பொதியை நிறுவுபவர் அதை யார் செய்ததாக நினைப்பார் என்பது. மூல நிரலை மாற்றாமல், இயங்கும் நிரலாகத் தொகுத்து வெளியிட்டால், பழைய பெயர் பொருளைச் சரியாகவே சொல்கிறது. பல திட்டங்கள் இதை அனுமதிக்கின்றன. கோப்புகளின் இருப்பிடத்தை மாற்றுவதும் பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதும் எல்லைக்கோட்டில் நிற்பவை, அவற்றுக்குக் கொள்கையின் வாசகம்தான் விடை. புதிய வசதியைச் சேர்த்திருந்தாலோ, இயல்பு அமைப்புகளை மாற்றியிருந்தாலோ, அனுமதி பெறுங்கள் அல்லது பெயரை மாற்றுங்கள். மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெயரை மாற்றுவதில் தோல்வியோ பகையோ இல்லை. பயர்பாக்ஸ் உலாவியின் இலச்சினை கட்டற்ற உரிமத்தில் கிடைக்காததால் டெபியன் அதை விடுத்துப் பெயரை மட்டும் பயன்படுத்தி வந்தது. 2006-இல் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, பெயர் வேண்டுமானால் இலச்சினையும் வேண்டும், திருத்தங்களுக்கு ஒப்புதலும் வேண்டும் என்றது. டெபியன் அந்த உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில் வெளியிடத் தொடங்கியது. 2016-இல் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் மூல நிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ் இயங்குதளம், சின்னங்களையெல்லாம் நீக்கியதோடு, ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தைப் பெயர் சொல்லாமல் வட அமெரிக்க விற்பனையாளர் என்றே சுட்டி வந்தது. உண்மையைச் சொல்ல அவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பெயர்மாற்றத்தில் உழைப்பு வாங்குவது, பழைய பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ‘வட்டம்’ என்ற படக்காட்டி நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொதியின் பெயர், பட்டியில் தெரியும் ஐகான், தொடக்கத் திரை, ‘பற்றி’ சாளரம், உதவிப் பக்கங்கள் ஆகியவை எளிதில் கண்ணில் படும். மொழிபெயர்ப்புக் கோப்புகள்தான் ஏமாற்றும்: தமிழ்க் கோப்பில் ‘வட்டம்’ என்று தேடினால், வேற்றுமை ஏறிய ‘வட்டத்தில்’, ‘வட்டத்தை’ எதுவுமே அகப்படாது; ‘வட்ட’ வரை மட்டும் தேட வேண்டும். பிழையறிக்கைகளும் புதுப்பிப்புச் சோதனைகளும் இன்னும் பழைய திட்டத்தின் வழங்கிக்கே போய்க்கொண்டிருந்தால் அவற்றையும் திருப்பிவிடுங்கள். நீங்கள் உண்டாக்கிய பிழைக்கு அவர்கள் பதில் சொல்ல நேர்வது நியாயமன்று. அதே வேகத்தில் பதிப்புரிமை அறிவிப்புகளிலும் உரிமக் கோப்பிலும் கைவைத்துவிடாதீர்கள். அங்கே பழைய பெயர்கள் இருந்தே ஆக வேண்டும். அவற்றை அழித்தால் உரிமத்தையே மீறியதாகிவிடும். பிற நிரல்கள் நம்பியிருக்கும் நூலகக் கோப்புப் பெயர்களை, கொள்கை தடுக்காதவரை, விட்டுவிடுவது நல்லது. பயர்பாக்ஸ் போன்ற சில திட்டங்கள் சின்னங்களைத் தனி அடைவில் வைத்திருப்பதால், தொகுக்கும்போது ஒரு விருப்பத்தைச் சேர்க்காமல் விட்டாலே அதிகாரப்பூர்வ முத்திரை சேராது.

புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘வட்டம் ப்ளஸ்’, ‘புதுவட்டம்’ போன்றவற்றைத் தவிருங்கள், அவை அதே வீட்டிலிருந்து வந்தவை போல ஒலிக்கும். நீங்கள் வெளியிடுவது வேறொரு நிரலோடு இணைந்து இயங்கும் செருகுநிரலாக இருந்தால், முதலில் உங்கள் பெயரைச் சொல்லி, ‘வட்டத்துக்கான செருகுநிரல்’ என்று பின்னால் விளக்குவது பொதுவாக ஏற்கப்படும். விவரத்தில் இப்படி எழுதலாம்: ‘இப்பொதி வட்டம் மென்பொருளின் மூல நிரலிலிருந்து திருத்தி உருவாக்கப்பட்டது, வட்டம் திட்டத்தினர் இதை வெளியிடவோ அங்கீகரிக்கவோ இல்லை.’ ஆனால் தவறான பெயரை வைத்துவிட்டு இந்த வரியால் ஈடுகட்ட முடியாது.

குறியீடுகளைப் பொறுத்தவரை, ‘ஆர்’ எழுத்தைச் சுற்றி வளையமிட்ட குறியீடு (®) பதிவான சின்னத்துக்கு மட்டுமே உரியது. பதிவு நாட்டுக்கு நாடு தனித்தனி என்பதால், பதிவாகாத சின்னத்துக்கு அதை இடுவது சில நாடுகளில் குற்றமாகும். ‘டிஎம்’ என்பது உரிமைகோரல் மட்டுமே. உங்கள் தயாரிப்பின் பெயரிலேயே லினக்ஸ் என்ற சொல் வருமானால், அது லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவான சின்னம் என்பதையும், துணை உரிமத்தை லினக்ஸ் அறக்கட்டளை வழங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அனுமதி கேட்டு எழுதும்போது பொதியின் பெயர், திருத்தங்களின் பட்டியல், அது வெளியாகும் இடம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்கும் பதிலை ஆவணக் கோப்புகளோடு பாதுகாப்பதோடு, அந்த அனுமதி உங்களுக்கு மட்டுமா, உங்களிடமிருந்து எடுத்துத் திருத்துபவருக்கும் உண்டா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தால், அப்படித் திருத்துபவர்கள் எளிதில் நீக்கும்படி சின்னங்களை ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்து, அந்த நிபந்தனையைப் பொதியின் வாசிப்புக் கோப்பில் எழுதிவிட வேண்டும்.