முதலில் அந்த வார்னிஷ் டப்பாவைக் கீழே வையுங்கள்

ராகி, சாமை, புளியங்கொட்டை ஒட்டிச் செய்த படமோ, மாமரக் கட்டையில் செதுக்கிய சிற்பமோ உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால், அதைப் பெயின்ட் அடித்த பலகை மாதிரி நினைத்துப் பராமரிக்காதீர்கள். ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், வண்டின் கணக்கில் அது சாப்பாடு.

பளபளப்புக்காக உடனே வார்னிஷ் அடிப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. சரியாகக் காயாத விதைமேல் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிப் பூஞ்சை பிடிக்கும், நாளாக ஆக மஞ்சளிக்கும், அப்புறம் எடுக்கலாம் என்று பார்த்தால் விதைத்தோலும் சேர்ந்து வரும். ஈரத்துணியும் வேண்டாம், மெல்லிய தூரிகை போதும்.

படத்துக்குக் கீழே மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் வண்டு வந்துவிட்டது. அதற்காகப் பூச்சிமருந்தை நேராகப் பீய்ச்ச வேண்டாம், கறை படியும். பாச்சை உருண்டையும் சரிவராது, படத்தின் அடியில் தெர்மாகோல் இருந்தால் அதன் ஆவி அதை இளக்கிவிடும். அருங்காட்சியகங்களில் பொருளைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம் உறைய வைப்பார்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் பொருள்மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். அக்ரிலிக் வண்ணம் பூசிய படைப்பை மட்டும் இப்படி வைக்காதீர்கள், குளிரில் அந்த வண்ணம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

செய்தவரைக் கேட்காமல் 'சரிசெய்வது' இன்னொரு தவறு. சில கலைஞர்கள் மட்கிப் போகட்டும் என்றே செய்வார்கள், சிலர் விதை உதிர்ந்தால் புதிது ஒட்டச் சொல்வார்கள். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991-இல் ஃபார்மலின் தொட்டியில் வைத்த சுறா கெட்டு நீர் கலங்கிப்போக, தோலை உரித்து ஃபைபர் அச்சின்மேல் போர்த்திப் பார்த்தார்கள். அதுவும் எடுபடாமல் 2006-இல் கலைஞரின் சம்மதத்தோடு வேறு சுறாவையே வைத்தார்கள். அது பழைய படைப்புதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. உயிரோடு இருக்கும் கலைஞரிடம் என்ன விதை, என்ன பசை, எது மாறலாம் என்று எழுதி வாங்க அரைமணி நேரம் ஆகுமா?

கிரானைட் சிற்பம் வைத்திருப்பவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, கல்லில் இருக்கும் இரும்பு துருக்கறையாக வெளியே வரும்.

கிருஷ்ணகிரி பக்கத்து மல்லச்சந்திரத்தில் இருக்கும் கற்திட்டைகளுக்குள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களுக்குள், வெள்ளை நிறத்தில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. போட்டோவில் தெளிவாக விழட்டும் என்று அவற்றில் தண்ணீர் தெளிப்பதும் சாக்பீஸால் கோடு இழுப்பதும் எனக்குக் கோபம் வருகிற விஷயங்கள். ஈரம் பட்டுப் பட்டு நிறமி உதிரும். பாறையில் புது ஓவியம் வரைய ஆசைப்படுகிறவர்கள், அந்தப் பாறையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஏதாவது தென்பட்டால் பெயின்ட்டை மூடிவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.