தாய்ப்பத்திரம் வழியே முன்னோரைத் தேடுதல்: முதன்முறை தேடுவோருக்கு ஒரு செய்முறை

எங்கள் தாத்தாவைப் பெற்றவருடைய பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. உயிரோடு இருந்தவரை எல்லாரும் அவரை ‘ஆத்தா’ என்றே அழைத்திருக்கிறார்கள். அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வயதுடையவர்கள் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெயரை நான் கடைசியில் கண்டெடுத்தது 1937ஆம் ஆண்டு பதிவான ஒரு கிரயப் பத்திரத்தில். அதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதில் எட்டு மாதம் ஒரே ஒரு தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வீணாயிற்று. அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஆகவே இங்கே சொல்லும் வழக்குச் சொற்கள் காவிரிப் படுகைக்கு உரியவை. முறை தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும்.

முதல் வேலை: வீட்டுப் பெட்டி

அலுவலகங்களுக்குப் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது), கிஸ்து என்னும் நிலவரி ரசீது, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு என்று எதையும் ஒதுக்காதீர்கள். உறவுக்காரர்களின் ஊரையும் பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஏடு மொய் நோட்டைப் போல வேறொன்று இல்லை. கிழிந்த தாளுக்குப் பசை நாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்வதும் கூடவே கூடாது. பிறகு அந்தத் தாளை யாராலும் காப்பாற்ற முடியாது. சன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படம் எடுங்கள். பத்திரத்தின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட முக்கியமானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குறித்துவைக்க நான் பரிந்துரைப்பது ஒரு நீள நோட்டும் பென்சிலும். ஒரு பத்திரத்துக்கு ஒரு பக்கம்: யார் எழுதிக்கொடுத்தது, யாருக்கு, தகப்பனார் பெயர், ஊர், வயது, சாட்சிகள், எழுதியவர். குடும்ப மரம் வரையும் மென்பொருள்களில் கிராம்ப்ஸ் இலவசமானது, நல்லதும்கூட. ஆனால் இத்தகைய மென்பொருள்கள் குடும்பப் பெயர் என்ற ஒன்றை மையமாக வைத்து அமைந்தவை. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கத்துக்கு அந்தக் கட்டம் ஒத்துவராது. தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் பெயர்களை அதற்குள் அடக்கும் வேலையிலேயே நேரம் போய்விடும். முப்பது பத்திரங்களாவது நோட்டில் ஏறிய பிறகு கணினிக்குப் போகலாம்.

இரண்டாவது: எழுத்தும் எண்ணும்

பழைய கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். நாலைந்து பக்கம் பொறுமையாகப் பார்த்து எழுதினால் அந்த எழுத்தரின் கை உங்களுக்குப் பழகிவிடும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. இவற்றுள் மேற்படிக் குறியில்தான் பலர் சறுக்குவார்கள். ‘௸யார்’ என்று வரும் இடத்தில் அது புதிய ஆள் அன்று, முன்வரியில் சொல்லப்பட்டவரே. எண்களில் ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருப்பதால் அவற்றை எழுத்தாகப் படித்துவிடாமல் பாருங்கள். பூச்சியம் இல்லாமல் இடமதிப்பைச் சொல்லிச் சொல்லி எழுதுவது பழைய முறை. 1877 என்பது ௲௮௱௭௰௭ என்று வரும்.

மூன்றாவது: தேதி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எங்கள் வீட்டிலிருந்த 1950களின் பத்திரம் ஒன்றில், அந்த நிலத்துக்கான தாய்ப்பத்திரம், அதாவது நிலம் முன்பு கைமாறியதைக் காட்டும் மூலப் பத்திரம், ‘தாது வருஷம் தை மாதம்’ எழுதப்பட்ட கிரயம் என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆவண எண் இல்லை. தமிழ் ஆண்டுகள் அறுபது. ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது என்றதும் தாது வருஷப் பஞ்சம் நினைவுக்கு வரும், அது 1876–77. அடுத்த தாது 1936–37. எங்கள் கதைக்குப் பின்னதே பொருந்தும் என்று சரியாகவே முடிவுசெய்தேன். பிறகு 1936 என்று எழுதி, அந்த ஆண்டுக்கான பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் கட்டணமும் கட்டினேன். எதுவும் இல்லை என்றே பதில் வந்தது. பத்திரம் பதிவே ஆகவில்லை போலிருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டேன்.

தவறு என்னுடையதே. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் சித்திரையில் பிறக்கிறது. சித்திரை முதல் மார்கழி நடுப்பகுதிவரை ஓர் ஆங்கில ஆண்டு. மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த ஆங்கில ஆண்டு. ஆகவே தாது வருஷத் தை என்பது 1937 ஜனவரியில் தொடங்குவது. இது தெரிந்த செய்திதானே என்று தோன்றும். எனக்கும் தெரியும், பொங்கல் எந்த மாதம் வருகிறது என்பது யாருக்குத் தெரியாது? ஆனால் வருடத்தின் பெயரை ஒரே எண்ணாக மாற்றி எழுதிக்கொண்ட கணமே மாதம் மறந்துபோகிறது. அதனால் நோட்டில் எப்போதும் ‘தாது, 1936–37’ என்று இரட்டை எண்ணாகவே எழுதுங்கள்; மாதத்தைப் பார்த்த பிறகு ஒன்றை அடியுங்கள்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம். கார்த்திகையில் எழுதிய பத்திரம் மாசியில் பதிவாகியிருக்கலாம். அப்போது அதன் ஆவண எண் அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும். எனவே எழுதிய நாள் எதுவானாலும் அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் சேர்த்தே தேடக் கேளுங்கள்.

மூலப்பத்திரமே கையில் இருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. பின்பக்கத்தைத் திருப்புங்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியும் வாங்கியவர் பெயரும் அங்கே இருக்கும். பதிவு அலுவலகக் குறிப்பில் தாக்கல் செய்த ஆங்கிலத் தேதி, புத்தகம், தொகுதி, பக்கம், ஆவண எண் எல்லாம் இருக்கும். முத்திரைத்தாளில் உள்ள அரச உருவமும் உதவும்: விக்டோரியா என்றால் முதல் தாது, ஜார்ஜ் என்றால் இரண்டாவது தாது.

நான்காவது: பதிவு அலுவலகம்

தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில், ஒரு சொத்தின்மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதலான காலத்துக்குக் கிடைக்கிறது. அதில் தொடங்கி, கடைசியாக நடந்த பரிமாற்றத்தின் நகலை வாங்கி, அது சுட்டும் தாய்ப்பத்திரத்தைப் பிடித்து, அதிலிருந்து அதற்கும் முந்தையதற்குப் போக வேண்டும். 1975க்கு முந்தையவற்றுக்கு நேரில் மனுக் கொடுக்க வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாவது 1ஆம் புத்தகத்தில். கட்டணம் செலுத்தும் எவரும் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் சட்டம் இடம் தருகிறது. உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பின் எவரும் நகல் கேட்கலாம். ‘உங்களுக்கு எதற்கு?’ என்று கேட்டால் தயங்காமல் இந்தச் சட்டப் பிரிவைச் சொல்லுங்கள், அது பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு.

பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருப்பதை நம்பித் தஞ்சாவூருக்கு ஓடாதீர்கள். பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பின்னர் 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் உருவாயின. மன்னார்குடி இப்போது திருவாரூர் மாவட்டம். சர்வே எண்ணும் மாறியிருக்கும். கிராமத்து நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது: பத்திரத்தைக் குடும்பமாகப் படித்தல்

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு தலைமுறையின் ஆண்கள் அனைவரும் வரிசையாக அதில் இருப்பார்கள். பெண்களைத் தேடத்தான் கண் வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பங்காளிகளாக வருவதில்லை. அவர்களை அதற்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களில் தேடுங்கள். விதவையானவர்களை ஜீவனாம்ச ஏற்பாடுகளிலும், ‘மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்ற தொடரிலும் காணலாம். எங்கள் ஆத்தா இருந்தது அந்தத் தொடரில்தான். கணவர் இறந்தபின், கடனை அடைக்க, எட்டு வயதும் ஐந்து வயதுமான இரு பிள்ளைகளுக்காகக் கைநாட்டு வைத்து ஆறு மா நிலத்தை விற்றிருக்கிறார். ஆறு மா என்றால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். பெருவிரல் ரேகையின் பக்கத்தில் அவர் பெயர், எழுத்தரின் கையால். அந்த நகலை வாங்கிக்கொண்டு அலுவலக வாசல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சக்குபந்தி என்னும் நான்கெல்லையை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு’ என்று வரும் அந்த இன்னார்கள் பெரும்பாலும் பங்காளிகள், ஏனென்றால் ஒரே நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்துபிரிந்தே அந்த எல்லைகள் உண்டாயின. எல்லைப் பெயர்களை ஒரு தாளில் படமாக வரைந்து பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘கொள்ளுத்தாத்தா பெயர் என்ன?’ என்று கேட்டால் தெரியாது என்பவர்கள், ‘கிழக்குக் கொல்லைக்காரர் யார்?’ என்று கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்கள்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அவசரப்படாதீர்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை இடுவது நம் வழக்கம். ஒரே பெயருடைய இருவர் ஐம்பது ஆண்டு இடைவெளியில் வருவார்கள். தகப்பன் பெயரையும் வயதையும் பார்க்காமல் இருவரையும் ஒருவராக்கிவிட்டால் அதன் பிறகு வரைவது எல்லாமே தவறாகும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தம் தந்தை பிறந்ததற்கான பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். குழந்தைக்குப் பெயரிடும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சாதாரணம். தாய் தந்தை பெயரையும் நாளையும் வைத்துத் தேடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கைக்காக மாற்றிச் சொன்ன வீடுகள் அநேகம்.

நிலமே இல்லாத குடும்பம் எங்கே தேடுவது என்று இன்னொருவர் கேட்டார். இந்தக் கேள்வியை நான் முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும். பத்திரம் என்பது நிலம் வைத்திருந்தவர்களின் ஆவணம். கிறித்தவக் குடும்பமாயின் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். கடல் கடந்து போனவர்கள் என்றால் கப்பல் பட்டியல்கள் உண்டு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களைப் பெயரெழுதியே அனுப்பினார்கள். ஃபிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம்கூட இருக்கும். மொரீஷியஸ் ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இவை ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியவை. எழுத்துக்கூட்டலைக் கண்ணால் ஒப்பிடாமல், ஊர்ப்பெயரை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஊர்ப்பெயர் அப்படிச் சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.