படமெல்லாம் ஏன் மங்கியது?

மூன்று நாள் வீண். கோடைப் புல்வெளியில் வானம்பாடி, நெட்டைக்காலி என்று பறவைகளை எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. இறகெல்லாம் மெழுகு உருகின மாதிரி.

கை நடுக்கமோ என்று ஷட்டர் வேகத்தை 1/3200 நொடி வரை ஏற்றினேன். மாற்றமில்லை. ட்ரைபாடும் போட்டாயிற்று. லென்ஸ் பழுதோ என்று வீட்டில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்தால், பொடி எழுத்துகூடக் கூர்மை!

துப்பு கிடைத்தது தொடர் படங்களில். பறவை அசையவே இல்லை, ஆனால் அலகு ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி வளைந்திருந்தது. ஃபோகஸ் தவறினால் மங்கும், வளையாது. கானல்தான். சூடான தரைக்கு மேலே காற்றின் அடர்த்தி மாறிக்கொண்டே இருப்பதால் ஒளி வளைகிறது. அழகான கோணத்துக்காகத் தரையோடு படுத்து எடுக்கும் என் பழக்கம் அதை இன்னும் கெடுத்திருக்கிறது.

மறுநாள் விடியலில் போய், வெயில் ஏறுமுன் முடித்தேன். தொலைவையும் குறைத்தேன், 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்தவன், அசையாமல் உட்கார்ந்து பறவையே 15 மீட்டருக்குள் வரட்டும் என்று காத்திருந்தேன். (தரையில் கூடு வைக்கும் பறவைகள், நாமாக நெருங்கக் கூடாது.) இறகு இறகாக வந்தது.

இன்னொன்று: கார் ஜன்னல் வழியே எடுப்பவர்கள் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை பொறுங்கள். ஜன்னலிலேயே ஒரு குட்டிக் கானல் உண்டு.