ரிஸ்டிக் ஸ்டடி விழுந்த மேசையில் ஆடுவது எப்படி

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில், நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் கமாண்டர் முறையை ஆடுகிறவர்களிடம் நீல நிறத்தில் எந்தக் கார்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பொள்ளாச்சியோ, வாளையாறு தாண்டிப் பாலக்காடோ, சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையோ, எந்த ஊர் மேசையானாலும் முதலில் வரும் பெயர்களில் ரிஸ்டிக் ஸ்டடி இருக்கும். விலை 3 மனா (கார்டு போடக் கட்டும் சக்தி), அதில் ஒன்று நீலம். என்சான்ட்மென்ட், அதாவது களத்திலேயே தங்கி வேலை செய்யும் கார்டு. எதிராளி ஒரு ஸ்பெல் (மனா தரும் லேண்ட் தவிர, போடும் எந்தக் கார்டும் ஸ்பெல்தான்) போடும்போதெல்லாம் அவர் 1 மனா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஸ்டடிக்காரர் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். கார்டில் எழுதியிருப்பது அவ்வளவுதான்.

2000-இல் புரொஃபெசி செட்டில் வந்தபோது இது சாதாரண காமன் கார்டு. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் எதிராளி ஒருவர்தான், அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிவிடுவார், கார்டு தூங்கும். நான்கு பேர் உட்காரும் கமாண்டரில் எதிராளி மூன்று பேர். அங்கேதான் இது வேறு கார்டாக மாறுகிறது.

இதைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் மூன்று கட்சி உண்டு. தடை செய்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. எல்லாரும் 1 கட்டினால் தீர்ந்தது, இதற்கு எதற்குத் தடை என்பது இரண்டாவது. பலத்தைப் பற்றிக் கவலையில்லை, ஸ்பெல்லுக்கு ஸ்பெல் கேள்வி கேட்டு ஆட்டம் நகரவே மாட்டேனென்கிறது என்பது மூன்றாவது. எங்கள் தீர்ப்பில் இரண்டாவது கட்சி சொல்வதில் பாதிதான் சரி. கட்டினால் தீரும், ஆனால் மூன்று பேரும் கட்ட வேண்டும். 'நான் ஒருத்தன் விட்டா ஒரு கார்டுதானே' என்று மூன்று பேரும் நினைப்பதில்தான் இந்தக் கார்டின் முழு பலமும் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த நினைப்பை உடைக்கத்தான்.

முதலில் வரிசையைச் சரியாகப் பிடியுங்கள்

பாதிச் சண்டை விதி தெரியாமல் வருவது. உங்களிடம் 4 லேண்ட் இருக்கிறது, 3 மனா ஸ்பெல் ஒன்று போடுகிறீர்கள். மூன்று லேண்டை டேப் செய்து (திருப்பி வைத்து மனா எடுத்து) ஸ்பெல்லை ஸ்டாக்கில், அதாவது நடக்கக் காத்திருப்பவற்றின் அடுக்கில், வைத்தவுடன் ஸ்டடியின் டிரிகர் (தானாகக் கிளம்பும் விளைவு) அதன் மேல் ஏறி உட்காரும். மேலே இருப்பது முதலில் முடியும். அது முடியும் நேரத்தில்தான் நீங்கள் நாலாவது லேண்டைத் தட்டி 1 கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறீர்கள். கட்டவில்லை என்றால் அவர் கார்டு எடுப்பார். அதற்குப் பிறகுதான் உங்கள் ஸ்பெல் நடக்கும்.

இந்த வரிசையில் இருந்து மூன்று விஷயம் பிறக்கிறது. உங்கள் ஸ்பெல் நடக்கும் முன்பே அவர் கையில் புதுக் கார்டு வந்துவிடுகிறது, அது கவுன்டராக (ஸ்பெல்லை ரத்து செய்யும் கார்டாக) இருந்தால் உங்கள் ஸ்பெல்லையே அடிக்கலாம். உங்கள் ஸ்பெல்லை இடையில் வேறொருவர் கவுன்டர் செய்தாலும் டிரிகர் அப்படியே நிற்கும், கார்டு போகும். டிரிகர் ஏறிய பிறகு ஸ்டடியை அழித்தாலும் அந்த ஒரு டிரிகர் நடந்தே தீரும்.

எதற்கு டிரிகர் ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள். லேண்ட் வைப்பதற்கு ஆகாது. ஏற்கெனவே களத்தில் இருக்கும் கார்டின் எபிலிட்டியை (அதில் எழுதிய திறனை)ப் பயன்படுத்தினால் ஆகாது. ஸ்டாக்கில் இருக்கும் ஸ்பெல்லை நகல் எடுத்தால், அந்த நகல் 'போடப்பட்டது' கணக்கில் வராது, அதனால் ஆகாது. கமாண்டரை, அதாவது டெக் என்ற கார்டுக் கட்டின் தலைவராகத் தனியே வைக்கும் கார்டை, அதன் இடத்திலிருந்து போட்டால் ஆகும், அதுவும் ஸ்பெல்தான். மேசையில் இரண்டு பேரிடம் ஸ்டடி இருந்தால் ஒரே ஸ்பெல்லுக்கு இரண்டு டிரிகர், தனித்தனியாக 1 கட்ட வேண்டும்.

கட்டுவதா, விடுவதா

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டிவினேஷன் என்ற சாதாரண நீலக் கார்டு 3 மனாவுக்கு 2 கார்டு தருகிறது. அதை அளவாக வைத்தால் ஒரு கார்டின் விலை சுமார் ஒன்றரை மனா. நீங்கள் 1 மனா கட்டி ஒன்றரை மனா மதிப்பைத் தடுக்கிறீர்கள். லாபம்தான். ஆனால் செலவு உங்களுடையது மட்டும், லாபம் மூன்று பேருக்கும் பிரிகிறது. அதனால்தான் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் ஒவ்வொருவருக்கும் கட்டாமல் விடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

ஸ்டடி 3-ஆவது டர்னில் விழுந்தது என்று வையுங்கள். மூன்று பேரும் ரவுண்டுக்கு ஒரு ஸ்பெல் போட்டு யாருமே கட்டவில்லை. இரண்டே ரவுண்டில் அவர் 6 கார்டு கூடுதலாக எடுத்திருப்பார், நீங்கள் வழக்கமான 2 எடுத்திருப்பீர்கள். அந்த ஆறில் ஒரு கவுன்டரோ, டெக்கில் தேடி வேண்டிய கார்டை எடுக்கும் ஒரு டியூட்டரோ இல்லாமல் இருக்காது. 6-ஆவது டர்னில் 'எப்படி இவர் கையில் எல்லாமே இருக்குது?' என்று கேட்பதில் பயனில்லை. அது 4-ஆவது டர்னிலேயே நடந்து முடிந்த விஷயம்.

ஆகவே அடிப்படை வழி இது: ஸ்டடி விழுந்த முதல் இரண்டு மூன்று ரவுண்டில் கட்டியே தீருங்கள். உங்கள் ஒவ்வொரு ஸ்பெல்லும் 1 மனா கூடுதல் விலை என்று நினைத்து டர்னைத் திட்டமிடுங்கள். 4 லேண்ட் இருக்கும்போது 2 மனா ஸ்பெல் இரண்டைக் கட்டாமல் போட்டால் 2 கார்டு கொடுக்கிறீர்கள். அதே 4 லேண்டில் 3 மனா ஸ்பெல் ஒன்றைப் போட்டு 1 கட்டினால் ஒன்றும் கொடுக்கவில்லை. சின்னச் சின்ன ஸ்பெல்லாக அடுக்குகிற டெக்குக்குத்தான் இது அதிகம் வலிக்கும். அப்படிப்பட்ட டெக் வைத்திருப்பவர் ஸ்டடியை அழிக்கும் பொறுப்பை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்கக் கூடாது.

கட்டாமல் விடலாம் என்ற இடங்களும் உண்டு. இரண்டே லேண்ட் இருக்கிறது, கையில் மனா தரும் 2 மனா கார்டான ஆர்க்கேன் சிக்னெட்: விட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு கார்டு போகும், ஆனால் அடுத்த டர்னிலிருந்து கட்டுவதற்கு உங்களிடம் டர்னுக்கு 1 மனா கூடுதலாக இருக்கும். இந்த ஸ்பெல்லோடு ஆட்டம் முடிகிறது, அவரிடம் டேப் ஆகாத லேண்ட் இல்லை: விடலாம், ஆனால் ஃபோர்ஸ் ஆஃப் வில், ஃபியர்ஸ் கார்டியன்ஷிப் போல மனா இல்லாமலே போடக்கூடிய கவுன்டர் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஏற்கெனவே அவர் கையில் 10 கார்டு வழிகிறது என்றால் பதினொன்றாவதற்காக உங்கள் டர்னைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த மனாவை அவரை அடிக்கச் செலவழியுங்கள்.

அழிக்கும் நேரம்

ஸ்டடியை அழிக்க எல்லாவற்றையும் விட நல்ல நேரம், அது விழுந்ததற்கும் அவருடைய அடுத்த டர்னுக்கும் இடையில் உள்ள ஒரு ரவுண்டு. 3 லேண்டையும் டேப் செய்து 3-ஆவது டர்னில் போட்டிருப்பார், கவுன்டர் செய்ய மனா இருக்காது. அவர் தன் டர்னில் லேண்டை நிமிர்த்தி அன்டேப் செய்துவிட்டால் உங்கள் ரிமூவலுக்கு (அழிக்கும் கார்டுக்கு) எதிரில் நீல மனா நிமிர்ந்து நிற்கும். கையில் ரிமூவல் இருந்தும் 'இன்னும் பெரிசா ஏதாவது வரட்டும்' என்று வைத்திருப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

எந்த ஸ்பெல்லுக்குக் கட்டாவிட்டாலும் ரிமூவலுக்கு மட்டும் கட்டுங்கள். என்சான்ட்மென்ட்டை அழிக்கும் நேச்சர்ஸ் கிளெய்ம் 1 மனா, கட்டுவதற்கு 1, ஆக 2 மனா ஒதுக்கி வையுங்கள். கட்டாமல் விட்டால், அதைத் தடுக்கும் கார்டை நீங்களே அவருக்கு எடுத்துக் கொடுத்ததாக ஆகும். குரோசன் கிரிப் மட்டும் இதற்கு விலக்கு. ஸ்பிளிட் செகண்ட் இருப்பதால் டிரிகரில் கார்டு எடுத்தாலும் அவரால் பதிலுக்கு ஸ்பெல் எதுவும் போட முடியாது.

ஸ்பெல்லே போடாமல் அழிப்பது இன்னும் சுகம். பொசெய்ஜு ஹூ எண்ட்யூர்ஸ் லேண்டைச் சானல் செய்தால் (கையிலிருந்து கழித்து விளைவைப் பெற்றால்) அது எபிலிட்டி: ஸ்டடி டிரிகர் ஆகாது, சாதாரண கவுன்டரும் தொடாது. ஹேவயர் மைட்டை முன்கூட்டியே 1 மனாவுக்கு இறக்கி வைத்திருந்தால், பிறகு ஒரு பச்சை மனா கொடுத்துப் பலியிட்டு ஸ்டடியை ஆட்டத்திலிருந்தே எக்ஸைல் செய்யலாம். பச்சை ஆடுகிறவர் இந்த இரண்டில் ஒன்றையாவது டெக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

என்சான்ட்மென்ட்டைத் தொட முடியாது என்று சிவப்பும் கறுப்பும் கைவிரிக்கும். ஆனால் ஸ்டடி ஒரு நீலக் கார்டு. அதனால் ரெட் எலிமென்டல் பிளாஸ்ட், பைரோபிளாஸ்ட் இரண்டுமே ஒரே சிவப்பு மனாவில் அதை அழிக்கும், போடும்போதே கவுன்டரும் செய்யும். கேயாஸ் வார்ப் 3 மனாவில் அதை டெக்குக்குள் திருப்பிக் கலக்கிவிடும். கறுப்புக்கு ஃபீட் தி ஸ்வார்ம்: 2 மனா, ஸ்டடியை அழித்தால் 3 உயிர் போகும். 40 உயிரில் தொடங்கும் ஆட்டத்தில் 3 பெரிதில்லை, ஆனால் அது சார்சரி, உங்கள் டர்னில்தான் போட முடியும். நீலம் ஆடுகிறவர் கவுன்டரான ஸ்வான் சாங்கை ஸ்டடிக்காகவே வைத்திருந்தாலும் தப்பில்லை.

அழிக்க வழியில்லையா, எடுப்பதைக் கசக்குங்கள். நார்செட் பார்ட்டர் ஆஃப் வெய்ல்ஸ் இருந்தால் ஒரு டர்னுக்கு ஒரு கார்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஆர்க்கிஷ் போமாஸ்டர்ஸ் இருந்தால் ஸ்டடியால் எடுக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் 1 அடி.

ஸ்டடி உங்களுடையது என்றால்

கேட்காமல் எடுக்காதீர்கள். டெக் மேல் கை போன பிறகு, 'இருங்க, நான் கட்டறேன்' என்று எதிரில் இருப்பவர் சொன்னால் அந்தக் கார்டை என்ன செய்வது? பார்த்த கார்டைப் பார்க்காததாக ஆக்க முடியாது. 'ஒண்ணு கட்டறீங்களா?' என்று ஒரே முறை, தெளிவாக, ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் கேளுங்கள். பதில் வந்த பிறகு எடுங்கள். கேட்க மறந்து அடுத்த ஸ்பெல் மேசைக்கு வந்துவிட்டால் பழையதை விட்டுவிடுவது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெல் போடுகிறவரும் கேள்விக்குக் காத்திராமல் 'கட்டறேன்', 'எடுத்துக்குங்க' என்று சேர்த்தே சொல்லும் பழக்கத்துக்கு வந்துவிட்டால் மூன்றாவது கட்சியின் குறை பெருமளவு தீரும். கோயம்புத்தூரிலிருந்து ஆட வந்தவருக்குக் கடைசி பஸ் இருக்கும். நான்கு பேர் ஆட்டத்தை முடிக்காமல் எழுந்து போவதை விடக் கெட்ட முடிவு கிடையாது.

எடுப்பது கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். போமாஸ்டர்ஸ் எதிரில் இருந்தால் மறுக்கலாம். உங்கள் டர்ன் முடியும்போது கையில் 7-க்கு மேல் இருப்பதைக் கழிக்க வேண்டிவரும். ரெலிக்வரி டவர் போல ஏதும் இல்லையென்றால் எடுத்ததைச் செலவழிக்க மனா இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டடி போட்டுவிட்டு மனா ஏற்றும் கார்டுகளே இல்லாமல் நிற்கும் டெக் வாராவாரம் கண்ணில் படுகிறது.

எந்த மேசையில் போடுவது என்பது தனிக் கேள்வி. மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் 2025 பிப்ரவரியில் டெக்குகளைப் பலத்தின்படி ஐந்து நிலையாகப் பிரிக்கும் பிராக்கெட் முறையை வெளியிட்டபோது, ஆட்டத்தையே மாற்றக்கூடிய கார்டுகளுக்கான கேம் சேஞ்சர் என்ற முதல் பட்டியலிலேயே ஸ்டடி இருந்தது. அந்த முறைப்படி பிராக்கெட் 1, 2-இல் கேம் சேஞ்சர் கூடாது. 3-இல் மூன்று வரை வைக்கலாம். 4, 5-இல் வரம்பில்லை. கடையில் வாங்கிய தயார் டெக்கை அப்படியே ஆடுகிறவர்களோடு உட்காரும்போது ஸ்டடியை எடுத்துவிட்டு வேறு கார்டு வையுங்கள். அவர்களிடம் கட்டவும் மனா இருக்காது, அழிக்கவும் கார்டு இருக்காது. அந்த வெற்றியில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது.

அச்சுக் கார்டும் மழைக்காலமும்

விலை கட்டுப்படியாகாததால் நட்பு ஆட்டத்தில் பலர் அச்சடித்த நகலை வைத்து ஆடுகிறார்கள். அளவு 63 மில்லிமீட்டருக்கு 88. பிரின்ட் எடுக்கும் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கி வரும். வெட்டி, ஒரு பேசிக் லேண்டின் முன்னால் வைத்து, பின்பக்கம் தெரியாத ஸ்லீவில் (கார்டு உறையில்) போடுங்கள். எழுத்து எதிரில் இருப்பவருக்குப் படிக்கும்படி இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் இது செல்லாது. நகல் என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபாயில் ஸ்டடி வைத்திருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனிக் கவனம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் ஈரம் அதிகம். கார்டின் காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், ஃபாயில் படலம் விரியாது. அதனால் பளபளக்கும் பக்கம் உள்வாங்கிக் கார்டு வளையும். நூறு கார்டில் ஒன்று மட்டும் வளைந்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும், அதை அடையாளமிட்ட கார்டாகத்தான் கருத வேண்டும். இரட்டை ஸ்லீவ் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல்லை அளவுக்கு மீறிப் போட்டால் காகிதம் காய்ந்து எதிர்ப்பக்கம் வளையும். ஒரு டெக் பாக்ஸுக்குச் சின்னப் பொட்டலம் ஒன்று போட்டு, வாரம் ஒரு முறை கார்டைச் சமதளத்தில் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.